போனஸ் வாங்கிய கையோடு ஏன் போய்விடுகிறார்கள்?

கேள்வி: கும்பகோணத்தில் அப்பா காலத்திலிருந்து ஜவுளிக்கடை நடத்துகிறோம். 24 பேர் வேலை பார்க்கிறார்கள். போன தீபாவளிக்கு போனஸ் வாங்கிய கையோடு ஐந்து பேர் நின்றுவிட்டார்கள். சம்பளத்தை ஏற்றிக் கொடுத்தேன். அப்படியும் ஆடித் தள்ளுபடி முடிந்ததும் மூன்று பேர் போய்விட்டார்கள். அதில் ஒருவர் அதே சம்பளத்துக்குப் பக்கத்துத் தெரு பாத்திரக்கடையில் சேர்ந்திருக்கிறார்! 11 வருஷமாகப் பட்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அக்காகூட இப்போது ஏனோதானோ என்று இருக்கிறார். கேமரா வைத்தேன், டார்கெட் கொடுத்தேன், யார் எவ்வளவு விற்றார்கள் என்று ராத்திரி வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறேன். ஸ்டூல்கூட வாங்கிப் போட்டேன், ஒருவரும் உட்காருவதில்லை. இனி யாரும் போகாமலிருக்க ஒரு மாதச் சம்பளத்தைப் பிடித்து வைக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: என்னென்ன செய்தீர்கள் என்று விவரமாக எழுதியிருக்கிறீர்கள். போன எட்டுப் பேரில் ஒருவரிடமாவது "ஏம்ப்பா போற?" என்று கேட்டதாக ஒரு வரி இல்லை.

ஸ்டூல் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தினார்கள். நீங்களும் வாங்கிப் போட்டுவிட்டீர்கள், சரி. ஆனால் தலைக்கு மேலே கேமரா இருக்கிறது, ராத்திரி குரூப்பில் கணக்கு வருகிறது. யாருக்கு உட்காரத் தைரியம் வரும்?

என் அப்பா கடைமடை விவசாயி. ஆற்றில் தண்ணீர் குறைந்த வருஷங்களில் முறை வைத்து விடுவார்கள். இத்தனை நாள் உனக்கு, இத்தனை நாள் அடுத்த வாய்க்காலுக்கு என்று தெரிந்துவிட்டால், குறைந்த தண்ணீரிலும் அப்பா நிம்மதியாகத் தூங்குவார். முறை எப்போது மாறும் என்று தெரியாத வருஷங்களில்தான் டார்ச்சும் மண்வெட்டியுமாக வாய்க்கால் கரையிலேயே கிடப்பார். அந்த வருஷங்களில் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுவார். மறுநாள் வயலில் வேலையும் ஓடாது.

ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979-ல் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். ஆளை அதிகம் அரிப்பது பளு மட்டும் இல்லை. பளு ஏறிக்கொண்டே போக, தன் வேலையில் தனக்கு எந்தப் பிடியும் இல்லாமல் போவது. தீபாவளிக் கூட்டம் உங்கள் ஆட்களுக்குப் புதிதா என்ன? நாளைக்கு டார்கெட் எவ்வளவு, சாப்பிட எப்போது விடுவார்கள், குரூப்பில் யார் பெயர் வரும் என்று தெரியாமல் நிற்பதுதான் தாங்கவில்லை. பாத்திரக்கடைக்குப் போனவர் சம்பளத்துக்காகப் போகவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே!

அப்படி நிற்கிறவரால் வியாபாரமும் ஒழுங்காக நடக்காது. அளவு தப்பாகக் கிழிப்பார், பில்லில் தவறுவார். நாலாவது புடவை கேட்டால் "இவ்வளவுதாங்க இருக்கு" என்பார். டார்கெட்டுக்குப் பயந்து, பிடிக்காததைத் தலையில் கட்டுவார். வாங்கிப் போனவர் அடுத்த முகூர்த்தத்துக்கு வேறு கடை ஏறுவார். இதெல்லாம் உங்கள் கேமராவில் தெரியாது.

அந்த அக்கா விஷயத்தில்தான் எனக்குக் கவலை. நீங்கள் ஏனோதானோ என்று எழுதியிருப்பதை, வேலையால் வரும் சோர்வு நிலை என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் விளக்கியிருக்கிறது. அதை நோய் என்று அவர்கள் சொல்லவில்லை. ஓயாத அழுத்தத்தைச் சரியாகக் கையாளாவிட்டால் வருவது என்கிறார்கள். சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, செய்யும் வேலையின் தரம் குறைவது ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். அக்கா சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை, எதையும் கேட்காமல் இருப்பவர்தான் ஒரு நாள் சாவியைக் கல்லாவில் வைத்துவிட்டுப் போவார். எந்தக் குடும்பம் எந்தக் கல்யாணத்துக்கு என்ன நிறம் எடுத்தது என்பதும் அவரோடு போய்விடும். புதுசாக ஒரு பெண்ணைச் சேர்த்தால் அதைக் கற்றுக்கொள்ள இன்னொரு 11 வருஷம் ஆகும்.

இன்றைக்கே அந்த ராத்திரிக் கணக்கை நிறுத்துங்கள். டார்கெட் வேண்டுமென்றால் மாதத்துக்கு ஒன்று, பிரிவுக்கு ஒன்று என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தீபாவளி மாதத்துக்கு யாருக்கு எந்த நாள் லீவு, எத்தனை மணிக்குச் சாப்பாடு என்ற முறையை நீங்கள் போடாதீர்கள், அந்த அக்காவையும் இன்னும் இரண்டு பேரையும் போடச் சொல்லுங்கள். நேரத்தையும் பாருங்கள். நாள் வேலை 8 மணி நேரம், ஓவர்டைம் சேர்த்தாலும் 10-ஐத் தாண்டக் கூடாது, ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி, தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் நடுவில் ஒரு மணி நேர ஓய்வு. இதெல்லாம் 1947-லிருந்தே சட்டத்தில் இருக்கிறது. பல கடைகளில் இது ஏட்டோடு நிற்கிறது என்பது எனக்கும் தெரியும்.

இத்தனை செய்தாலும் சிலர் போவார்கள். சிங்கப்பூர் விசா வந்தவரை யார் நிறுத்த முடியும்? அது வேறு கணக்கு.

சம்பளத்தைப் பிடித்து வைக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். செய்த வேலைக்கான கூலி அது. வேறு கடையில் சட்டென்று வேலை கிடைக்கிற கெட்டிக்காரர் அந்தப் பணம் போனாலும் போகட்டும் என்று கிளம்பிவிடுவார், போக்கிடம் இல்லாதவர் மட்டும் மனசில்லாமல் நிற்பார். அப்புறம் கும்பகோணம் ஒன்றும் அவ்வளவு பெரிய ஊர் இல்லை. "அந்தக் கடையில் சம்பளத்தைப் பிடிச்சு வெச்சுக்குவாங்க" என்ற பேச்சு ஒரே வாரத்தில் பஸ் ஸ்டாண்டு வரை போய்விடும்.