முறுக்குச் சட்டியும் யோக்கஹாமாவும்

வணக்கம் அண்ணே,

பள்ளி லீவுக்கு ஜப்பான் போனோம், தம்பி அங்க வேலை செய்றான், அதனால தங்குற செலவு இல்ல. யோக்கஹாமாவுல கப் நூடல்ஸ் மியூசியம் பாத்தோம். பையன் கப்புல அவனே படம் வரைஞ்சு, சூப்பு, மேல போடுற சாமானெல்லாம் அவனே பொறுக்கி ஒரு மேகி செஞ்சு எடுத்துக்கிட்டான். எங்க அத்தை கித்தா (ரப்பர்) தோட்டத்துல பால் வெட்டுனவங்க, "மாவ எண்ணெய்ல போட்டு எடுக்கறத பாக்கவா இவ்ளோ தூரம், நான் சுடாத முறுக்கா"ன்னு சொல்லிட்டாங்க. வீட்டுக்காரரும் அதே பாட்டு. இப்ப பையன் தோசை மாவ போத்தல் போத்தலா ஊத்தி வச்சு அடுப்படியே புளிச்ச வாடை. நம்ம பாட்டிங்களுக்குத் தெரியாதத அங்க என்னண்ணே சொல்லித் தர்றாங்க? காசு வேஸ்ட்டா?

ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

தங்கச்சி,

அத்தை சொன்னது பாதி சரி. மீதி பாதிக்குத்தான் நீங்க காசு குடுத்தீங்க.

சரியான பாதி என்னன்னா, மொமொஃபுக்கு ஆண்டோ 1958ல ஒசாகா பக்கம் இக்கெடாவுல வீட்டுக்குப் பின்னாடி ஒரு கொட்டாய்ல உக்காந்து இன்ஸ்டன்ட் நூடல்ஸ கண்டுபிடிச்சதும் எண்ணெய்ச் சட்டி விஷயம்தான், சம்சாரம் தெம்புரா பொரிக்கறத பாத்துத்தான் அந்த யோசனையே வந்துச்சுன்னு சொல்லுவாங்க. முறுக்கு போட்டதும் சலசலன்னு பொங்குதே, அது எண்ணெய் கொதிக்கறது இல்ல, மாவுல இருக்கற தண்ணி ஆவியாகி வெளிய ஓடுது. சத்தம் அடங்குனா எடுக்கலாம்னு அத்தைக்குக் காதுலயே கணக்கு இருக்கும். தண்ணி ஓடுன எடமெல்லாம் குட்டிக் குட்டி ஓட்டை, நூடல்ஸ்ல அந்த ஓட்டை வழியாத்தான் சுடுதண்ணி திரும்ப உள்ள போகுது.

ஆனா அத்தைகிட்ட ஒண்ணு கேளுங்க, அப்ப முறுக்க சுடுதண்ணில போட்டா ஏன் மேகி ஆக மாட்டேங்குது? ஊறி கொழகொழன்னு போயிடுமே. ஏன்னா நூடல்ஸ எண்ணெய்ல போடறதுக்கு முன்னாடியே ஆவில அவிச்சிடறாங்க, மாவு வெந்து அதோட உருவம் நின்னுடுது, அப்புறம் ஏறக்குறைய 150 டிகிரி எண்ணெய்ல ஒண்ணு ரெண்டு நிமிஷம்தான். முறுக்குல அந்த முதல் வேலை இல்ல. இடியாப்பத்த அவிச்சு எண்ணெய்ல போட்டா மாதிரின்னு சொல்லுங்க, அத்தைக்கு உடனே புரியும். கை பழகுன வேலைல "ஏன்"னு கேக்க யாருக்கும் நேரம் இருந்ததில்ல, விடிகாலை பெரட்டுக்கு (தோட்டத்துல ஆள் கணக்கெடுக்கறதுக்கு) ஓடுனவங்ககிட்ட அத எதிர்பாக்கவும் கூடாது. அந்த "ஏன்" கேக்கறதுக்குத்தான் மியூசியம். "நம்ம பாட்டிக்கு எல்லாம் தெரியும்"னு பெருமை பேசறது எனக்கும் புடிக்கும், ஆனா அத சொல்லியே பையனோட கேள்விய அடைக்கறோம் பாருங்க, அதுதான் எனக்கு ஆகாது.

1971ல கப்பு வந்தப்ப நூடல்ஸ் அடில உக்காராம நடுவுல தொங்கற மாதிரி வச்சாங்க, பாத்திருப்பீங்க. கப்புக்குள்ள நூடல்ஸ போட்டா சாஞ்சு போகுதுன்னு நூடல்ஸ் மேல கப்ப கவுத்தாங்களாம். தலைகீழா யோசிக்கறதுன்னா அதான். பையன் சூப்பு 4ல ஒண்ணு, மேல போடுறது 12ல 4 எடுக்கலாம்னு பொறுக்கினான்ல, மொத்தம் 5,460 விதம் வரும்னு அவங்க சொல்றாங்க, ஒரே சாமான ரெண்டு தடவ எடுக்கலாம்னாதான் அந்தக் கணக்கு வரும், அவன் பெரிய கிளாஸ் போனதும் போட்டுப் பாக்கச் சொல்லுங்க.

இனிமே அத்தை பக்கம் வரேன். அவங்க வேலை செஞ்ச எடமே லேபுதான். மரத்துல பால் வடியற மங்குல இருந்து வாளி, வாளில இருந்து ஸ்டோர், அங்க கிராணி (கணக்கப்பிள்ளை) மெட்ரோலாக்னு ஒரு கருவிய பால்ல முக்கிப் பாப்பாரு, தண்ணி கலந்திருந்தா காட்டிக் குடுத்துடும் (கலந்தவங்க கதையும் அத்தைகிட்ட இருக்கும், தனியா கேளுங்க). அப்புறம் ஆசிட் ஊத்துனா பால் கட்டியாகும். கித்தா பால்ல இருக்கற துளியெல்லாம் ஒண்ண ஒண்ணு தள்ளிக்கிட்டு மிதக்கும், ஏன்னா அதுமேல இருக்கற புரதத்துல ஒரே மாதிரி மின்சாரம், ஆசிட் போனதும் அந்தத் தள்ளல் போயிடும், எல்லாம் ஒட்டிக்கும். பசும்பால்ல எலுமிச்சம்பழம் புழிஞ்சா திரியுதே, அதுவும் இதே கதைதான். ஜப்பான் மியூசியத்துல இத சொல்லித் தர ஆள் இல்ல, உங்க வீட்ல இருக்காங்க. பையன பக்கத்துல உக்கார வச்சு வெதுவெதுப்பான பால்ல எலுமிச்சம்பழம் புழிய வைங்க, அத்தை தோட்டத்துக் கதைய சொல்லட்டும். தோட்டத்து ஆசிட் மட்டும் வேணாம், தோல வெந்து போக வச்சிடும், அது அத்தைக்கே தெரியும்.

மாவு போத்தல வீட்டுக்காரர் தூக்கிப் போட வேணாம்னு சொல்லுங்க. மாவு பொங்கறதுக்குக் காரணம் பெரும்பாலும் உளுந்தோட வர்ற பாக்டீரியா விடற காத்துதான், நம்ம ஊரு சூட்டுக்கு ராத்திரிலயே வேலை முடிஞ்சிடும். வெறும் அரிசி மாவு ஒரு போத்தல், உளுந்து சேத்தது ஒண்ணு, அதையே ஐஸ் பெட்டில ஒண்ணுன்னு வச்சு, மாவு நிக்கற எடத்துல ரப்பர் பேண்ட் மாட்டி காலைல பசியாறும்போது பாக்கச் சொல்லுங்க. உளுந்து கொழகொழப்பு இல்லாட்டி காத்து நிக்காது, அரிசி மட்டும் இருந்தா ஏறாது. மூடிய மட்டும் இறுக்கக் கூடாது, கண்ணாடி போத்தல்னா வெடிச்சிடும். வாடைக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது, போத்தல பின்கட்டுல வைங்க.