எடை கிராணி எழுதிக் கொடுத்த இரண்டு கடிதங்கள்

கேள்வி: மலேசியாவில், கீழ்ப்பேராவில் ஒரு தோட்டப் பட்டணத்தில் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வாங்கி ஆலைக்கு அனுப்பும் தொழில் செய்கிறேன். என் எடை கிராணி (லாரி எடையைப் பதிந்து சீட்டுப் போடும் எழுத்தர்) பதினொரு ஆண்டுகள் என்னிடம் வேலை பார்த்தவர். மாதச் சம்பளம் 2,600 வெள்ளி (ரிங்கிட்). அவர் மகள் கல்யாணத்துக்கு மண்டபச் செலவை நான்தான் ஏற்றுக்கொண்டேன். அப்படிப்பட்டவர் சில லாரிகளின் வெறும் வண்டி எடையைக் குறைத்துப் பதிந்து, குலை எடையைக் கூட்டிச் சீட்டுப் போட்டிருக்கிறார். ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு ஆபீசில் உட்கார வைத்து நானும் என் மைத்துனரும் மேற்பார்வையாளரும் விசாரித்தோம். இரவு ஒன்பதரைக்கு 27,000 வெள்ளி எடுத்ததாக ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தார். விலகல் கடிதமும் மைத்துனர் சொல்லச் சொல்ல அவரே எழுதினார். குடும்பத்தை நினைத்துப் போலீசுக்குப் போகவில்லை. கடைசி மாதச் சம்பளத்தை மட்டும் நஷ்டத்துக்குப் பிடித்துக்கொண்டேன். இப்போது அவரை நியாயமின்றி வேலை நீக்கம் செய்துவிட்டேன் என்று அவர் மனுச் செய்திருப்பதாகவும், சமரசப் பேச்சுக்கு வரும்படியும் தொழில் உறவு இலாகாவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அவரே விலகியிருக்கும்போது நான் ஏன் போக வேண்டும்? போலீஸ் புகார் செய்தால் அடங்குவாரா?

பதில்: உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி அவர் உங்களுக்குச் செய்த துரோகத்தைப் பற்றியது. மண்டபச் செலவும் பதினொரு ஆண்டு நம்பிக்கையும் உங்கள் மனத்தை எவ்வளவு வருத்துகின்றன என்பது புரிகிறது. ஆனால் வழக்கில் அவற்றுக்கு இடமில்லை. தொழிலியல் நீதிமன்றம் முதலில் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: அந்த இரவு அவர் தாமாக விலகினாரா, நீங்கள் விலக்கினீர்களா?

நீங்களே எழுதியிருப்பதை வைத்துச் சொல்கிறேன், நீங்கள்தான் விலக்கியிருக்கிறீர்கள். ஒரு தொழிலாளியை மூன்றரை மணி நேரம் மூன்று பேர் சூழ உட்கார வைத்து, உங்கள் மைத்துனர் வாசகம் சொல்ல, அவர் எழுதிய கடிதத்தைச் சட்டம் விலகல் கடிதமாகப் பார்க்காது. கட்டாயத்தின் பேரில் வாங்கப்பட்ட விலகல் வேலை நீக்கமே என்பது நம் நீதிமன்றங்களில் பல ஆண்டுகளாக நிலைபெற்ற கொள்கை. வேலை நீக்கம் என்றானவுடன் பாரம் உங்கள் தோளுக்கு வந்துவிடுகிறது: தக்க காரணம் இருந்தது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவு கொடுக்கும் 60 நாள் கெடுவுக்குள் அவர் மனுச் செய்துவிட்டதால் அந்த வாசலும் அடைபடவில்லை. நீங்கள் போகாவிட்டாலும் விஷயம் நின்றுவிடாது. சமரசம் ஆகாத மனுவை நீதிமன்றத்துக்கு அனுப்பலாமா என்று முன்பு அமைச்சர் முடிவு செய்வார். 2021 ஜனவரி முதல் தொழில் உறவு இலாகாவின் தலைமை இயக்குநரே நேராக அனுப்பிவிடுகிறார். அமைச்சில் கோப்பு நின்றுவிடும் என்று யாராவது சொன்னால், அது பழைய காலத்துப் பேச்சு.

இனி நீங்கள் படமெடுத்து அனுப்பிய இரண்டு தாள்களுக்கு வருகிறேன். எனக்கு அதிகக் கவலை தருபவை இவைதான். விலகல் கடிதத்தில் 'தனிப்பட்ட காரணங்களுக்காக' விலகுவதாக இருக்கிறது. அதே தேதியிட்ட மற்றத் தாளில் எடையை மாற்றிப் பணம் எடுத்ததாக இருக்கிறது. ஒரே இரவில் ஒரே கையால் எழுதப்பட்ட இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்குகின்றன. சொந்தக் காரணத்துக்காக விலகியவர் என்றால் ஒப்புதல் எதற்கு? பணம் எடுத்தவர் என்றால் சொந்தக் காரணம் எங்கிருந்து வந்தது? ஒப்புதல் தாளில் வாசகம் முழுவதும் நீல மையில் இருக்க, '27,000' என்ற எண் மட்டும் கறுப்பு மையில் இருக்கிறது; அந்த 7-இன் குறுக்குக் கோடு, நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தின் தேதியில் இருக்கும் 7-ஐப் போலவே இருக்கிறது. எனக்குத் தெரிவது எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கும் தெரியும். அந்த எண்ணை எழுதியது யார் என்று சாட்சிக் கூண்டில் உங்களைக் கேட்பார்கள். அதற்கு உண்மையான பதிலை இப்போதே என்னிடம் சொல்லிவிடுங்கள்.

கையெழுத்து வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு, மற்ற ஆதாரம் எதையும் திரட்டாமல் இருந்துவிட்ட முதலாளிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பட்டறைக்காரர், பெட்ரோல் நிலையக்காரர், மளிகைக் கடைக்காரர் என்று தொழில் மாறினாலும் கதை மாறுவதில்லை. வழக்கு கூப்பிடப்படும் நேரத்தில் சிசிடிவி பதிவு அழிந்திருக்கும். சாட்சி சொல்ல வேண்டிய ஆள் வேறு ஊருக்குப் போயிருப்பார். அந்தத் தாள் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும். மிரட்டி வாங்கியது என்று தொழிலாளி ஒரு வார்த்தை சொல்லி, சூழ்நிலையும் அதற்குப் பொருந்திவிட்டால் அந்தத் தாளும் போய்விடும். அதன் பிறகு முதலாளியின் கையில் அவருடைய கோபத்தைத் தவிர வேறொன்றும் இருக்காது.

உங்கள் கையில் வேறு என்ன இருக்கிறது? நீங்கள் அனுப்பியவற்றுள் ஒன்றே ஒன்று பெறுமானம் உள்ளது: ஒரே எண்ணுள்ள லாரிக்கு ஒரு சீட்டில் வெறும் வண்டி எடை 3,140 கிலோ, வேறொரு நாள் சீட்டில் 2,560 கிலோ. டீசல், சேறு, மாற்றுச் சக்கரம், கூட வந்த ஆள் என்று எதைச் சொன்னாலும் 580 கிலோ வித்தியாசத்தை விளக்குவது கடினம். ஆனால் 27,000 வெள்ளி என்ற கணக்கை நீங்கள் எடுத்தது இந்தச் சீட்டுகளிலிருந்து அல்ல. எட்டு மாதத்தில் நீங்கள் வாங்கிய மொத்த எடைக்கும் ஆலையில் இறங்கிய மொத்த எடைக்கும் உள்ள வித்தியாசத்தை விலையால் பெருக்கியிருக்கிறீர்கள். குலை தேங்கிக் கிடந்தால் எடை குறையும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உதிரிப் பழம் சிந்துவதும் அந்தக் கணக்கில்தான் சேரும். அத்தனையையும் ஒருவர் தலையில் கட்ட முடியாது. எடைக் கணினிக்கு அவர் உட்பட மூன்று பேர் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்தினீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்தச் சீட்டை அவர்தான் போட்டார் என்பதை எப்படிக் காட்டப் போகிறீர்கள்? சிசிடிவியில் அவர் ஒரு லாரி ஓட்டுநரோடு நின்று பேசுவது தெரிகிறதாம். எடை கிராணி லாரி ஓட்டுநரோடு பேசாமல் வேறு யாரோடு பேசுவார்?

நீங்கள் கவனிக்காத ஒன்று இன்னும் இருக்கிறது. சீட்டைப் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்தவர் உங்கள் மைத்துனர். எட்டு மாதம் ஒரே லாரிகளுக்குக் கூடுதல் எடைக்குப் பணம் போயிருக்கிறது என்றால், அவர் கண்ணில் அது ஏன் படவில்லை என்ற கேள்வி கட்டாயம் வரும். விசாரித்தவரும் அவரே, கடிதத்துக்கு வாசகம் சொன்னவரும் அவரே, நாளைக்கு உங்களுடைய முதன்மைச் சாட்சியும் அவரே. அவர் மீது நான் பழி சொல்லவில்லை. அவரை வைத்து இந்த வழக்கை நடத்த முடியாது என்றுதான் சொல்கிறேன்.

உங்களுக்குச் சாதகமானவற்றையும் சொல்லிவிடுகிறேன். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவு கேட்கும் முறையான விசாரணையை நீங்கள் நடத்தவில்லை. இருந்தாலும் அதற்காக மட்டும் தோற்றுவிட மாட்டீர்கள், ஏனென்றால் தொழிலியல் நீதிமன்றம் சாட்சியங்களைப் புதிதாகக் கேட்டுத் தானே முடிவெடுக்கும். (அரைச் சம்பளத்தோடு இரண்டு வாரம் வரை இடைநீக்கம் செய்து, நிதானமாகச் சீட்டுகளைப் புரட்டியிருக்கலாம், அந்தப் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது.) குற்றவியல் நீதிமன்றத்தில் கேட்பதுபோல ஐயத்துக்கு இடமில்லாத ஆதாரமும் தேவையில்லை. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும், திருட்டுக் குற்றச்சாட்டானாலும் அளவுகோல் அதுதான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் அதற்குத் துணையாக, வேலை நீக்கம் செய்த நேரத்தில் எந்தக் காரணத்தை நம்பினீர்களோ அதையேதான் நிரூபிக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது; 1981ஆம் ஆண்டிலிருந்து கூட்டரசு நீதிமன்றம் அதைச் சொல்லிவருகிறது. நீதிமன்றம் உங்களுக்காக வேறு காரணத்தைத் தேடித் தராது. உங்கள் விஷயத்தில் எழுத்தில் இருக்கும் ஒரே காரணம் 'தனிப்பட்ட காரணங்கள்' என்பதுதான்.

பிடித்து வைத்த சம்பளம் தனித் தவறு. வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24ஆவது பிரிவு அனுமதிக்காத எந்தப் பிடித்தமும் குற்றம். முதலாளி தானே நஷ்டத்தைக் கணக்கிட்டுச் சம்பளத்தில் கழித்துக்கொள்ள அங்கே இடமில்லை. அவர் எடுத்தது உண்மையாகவே இருந்தாலும் இதில் மாற்றமில்லை. தொழிலாளர் இலாகாவுக்கு அவர் ஒரு புகார் கொடுத்தால், 2,600 வெள்ளிக்காக 50,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கக்கூடிய குற்றச்சாட்டுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். சமரசப் பேச்சுக்குப் போகும் முன்பே அந்தச் சம்பளத்தை அவர் வங்கிக் கணக்கில் செலுத்தி, இபிஎப் (சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) பங்குத் தொகைகளையும் கட்டிவிடுங்கள். இதைப் பேரம் பேசும் பொருளாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

போலீஸ் புகாரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். குற்றவியல் சட்டத் தொகுப்பின் 408ஆவது பிரிவு, ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடிக்கு ஓராண்டு முதல் 14 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கிறது. இவ்வளவு கடுமையான குற்றத்தை ஒருவரை அடக்கும் கருவியாகப் பயன்படுத்த நினைப்பது உங்களுக்கே ஆபத்து. மனுவைத் திரும்பப் பெறாவிட்டால் போலீசுக்குப் போவேன் என்று வாட்சாப்பில் ஒரு வரி அனுப்பினாலும் அது மிரட்டல் என்று உங்களுக்கு எதிராகவே திரும்பும். பணத்தைக் கொடுத்தால் புகார் செய்யமாட்டேன் என்று உடன்பாடு எழுதுவது அதைவிட மோசம். குற்றத்தை மறைக்கப் பிரதிபலன் வாங்குவதை, இழந்த பொருளைத் திரும்பப் பெறுவதாகவே இருந்தாலும், அதே சட்டத் தொகுப்பின் 213ஆவது பிரிவு குற்றமாக்குகிறது. வழக்குத் தொடுப்பதும் விடுவதும் சட்டத்துறைத் தலைவரின் அதிகாரம். கதவைச் சாத்தி வைத்து விசாரித்தோம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவரும் ஒரு போலீஸ் புகார் செய்யக்கூடும் என்பதை மறந்துவிட வேண்டாம். குற்றம் நடந்தது என்று நம்பினால், சீட்டுகளோடு போய், நடந்ததை நடந்தபடி சொல்லிப் புகார் செய்யுங்கள். அது உங்கள் உரிமை. அவரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். தோற்றால், பின்சம்பளமாக 24 மாதம் வரை, அதாவது 62,400 வெள்ளி வரை தீர்ப்பாகலாம். மீண்டும் வேலையில் அமர்த்துவதற்குப் பதிலாக ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற வழக்கப்படி 28,600 வெள்ளி. இரண்டும் சேர்ந்தால் 91,000 வெள்ளி. அவர் இடையில் வேறு வேலையில் சம்பாதித்ததற்காகவும், அவர் பக்கத் தவறுக்காகவும் நீதிமன்றம் ஒரு பகுதியைக் குறைக்கும். முழுத் தொகையும் வராமல் போகலாம். ஆனால் 27,000 வெள்ளி நஷ்டத்தை நிரூபிக்க முடியாமல், அதைப்போல இரண்டு மடங்கு கொடுக்கும் நிலை வர நிறையவே வாய்ப்பிருக்கிறது. இதற்கு மேல் வழக்குக்காக ஈப்போவுக்கு அலையும் நாள்களும் வழக்கறிஞர் கட்டணமும்.

ஆகவே, சமரசம் செய்துகொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை. பிடித்த சம்பளத்தைத் தனியாகக் கொடுத்தது போக, நான்கைந்து மாதச் சம்பளத்துக்குள், அதாவது 13,000 வெள்ளிக்குள் முடிந்தால் முடித்துவிடுங்கள். திருடியவருக்கு நான் பணம் கொடுப்பதா என்று கேட்பீர்கள். அவர் திருடினார் என்ற முடிவுக்கு நீங்கள் வந்துவிட்டீர்கள். இந்த ஆதாரங்களை வைத்துக்கொண்டு ஒரு நீதிபதியை அந்த முடிவுக்குக் கொண்டுவர என்னால் முடியும் என்று தோன்றவில்லை. சமரசக் கூட்டத்துக்கு வழக்கறிஞர் வர முடியாது என்பதால் நீங்களே பேச வேண்டும். மைத்துனரை அழைத்துப் போகாதீர்கள். உரிமைகளைப் பாதிக்காத வகையில் என்று சொல்லித் தொகையை முன்வையுங்கள்; அப்படிச் சொன்ன தொகையைப் பிறகு நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகக் காட்ட முடியாது. உடன்பாட்டை அதிகாரி முன்னிலையில் எழுதுங்கள். அதில் அவர் குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ ஒரு சொல்லும் வேண்டாம். போலீஸ் என்ற பேச்சும் வேண்டாம்.

என் கருத்தை மாற்றக்கூடியது ஒன்றுதான்: பணம் போன தடம். அந்த லாரிக்காரர்களில் ஒருவராவது வந்து, கூடுதல் பணத்தில் கிராணிக்கு இவ்வளவு கொடுத்தேன் என்று சாட்சி சொல்லத் தயாராக இருந்தாலோ, அவர் கணக்குக்குப் பணம் மாற்றிய வங்கிப் பதிவு கிடைத்தாலோ, வழக்கை நடத்தலாம், நானே நடத்துவேன். அந்த லாரிகளின் எட்டு மாதச் சீட்டுகள் அனைத்தையும், தேதியும் நேரமும் தெரியும்படி, இந்த வாரத்துக்குள் எனக்கு அனுப்புங்கள். சிசிடிவி பதிவைப் புதுப்பதிவு அழித்துவிடும் முன் படி எடுத்து வையுங்கள். ஒப்புதல் தாளின் அசலை உறையில் போட்டுப் பூட்டி வையுங்கள். அதில் இனி எவருடைய பேனாவும் படக்கூடாது.