நாவலில் புலி, படத்தில் லாரி

கேள்வி: நண்பர்கள் உட்கார்ந்து பேசினாலே, 'நாவலை அப்படியே எடுக்காத இயக்குநர் எழுத்தாளருக்குத் துரோகம் செய்கிறார்' என்று ஒருவன் ஆரம்பித்துவிடுகிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: இயக்குநர் மகேந்திரனைக் காட்டுங்கள். எங்கள் கூட்டத்திலும் இதே சண்டை ராத்திரி வெகுநேரம் ஓடியிருக்கிறது. நான் எப்போதும் மகேந்திரன் பக்கம்தான். உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்' நாவலில் கதாநாயகன் காளியின் கையைப் பறிப்பது புலி. 1978-ல் வந்த படத்தில் அது லாரி. ஆனால், தங்கை மேல் அவன் வைத்திருக்கும் அந்த முரட்டுப் பாசம் எங்கேயும் போகவில்லையே! அடுத்த வருடம் வந்த 'உதிரிப்பூக்கள்' இன்னும் தூரம் போனது. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' குறுநாவலிலிருந்து கிளம்பி, கிட்டத்தட்ட வேறு கதையாகவே ஆகிவிட்டது. கடைசியில் அப்பாவை ஆறு கொண்டுபோன பிறகு கரையில் தனியாக நிற்கும் அந்த இரண்டு பிள்ளைகளை நினைத்தால், இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கும். தாயில்லாப் பிள்ளைகளின் தவிப்பு, அதுதான் புதுமைப்பித்தனிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது. அதைக் கைவிட்டிருந்தால்தான் துரோகம்.

சரி, நண்பரிடம் முதலில் 'சிற்றன்னை'யைக் கொடுங்கள். சின்னப் புத்தகம்தான். அப்புறம் படத்தைப் போட்டுக் காட்டுங்கள், பக்கத்திலேயே உட்கார்ந்து.