ஆண்பிள்ளைக்குச் சலங்கை எதற்கு?

கேள்வி: வங்கியில் பணிபுரியும் எனக்கு 29 வயது. பரதம் கற்க விரும்புகிறேன். ‘ஆண்பிள்ளைக்குச் சலங்கை எதற்கு?’ என்கிறார்கள் வீட்டில். நான் நானாகவே இருப்பதற்கான ஊக்கத்தை எங்கே தேடுவது?
– வாசகர் ஒருவர், திருநெல்வேலி

பதில்: வீட்டாரின் கேள்விக்கு வரலாறே விடை வைத்திருக்கிறது. இன்று பரத மேடைகளில் தொடக்க உருப்படியான அலாரிப்பு முதல் நிறைவு உருப்படியான தில்லானா வரை நாம் காணும் வரிசையை 19ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்தியவர்கள், தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய சகோதரர்கள். அந்த மரபில் வந்த கிட்டப்பா பிள்ளையிடம் பயின்றவர்தான் மதுரையைச் சேர்ந்த நர்த்தகி நடராஜ். திருநங்கை என்பதால் இளவயதிலேயே குடும்பத்தைப் பிரிய நேர்ந்த அவர், தம் பாலினத்தை மறைக்காமலும் ஆடலைக் கைவிடாமலும் அந்த ஆசானிடம் ஆண்டுக்கணக்கில் கற்று, 2019இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். விருதைவிட அந்த நீண்ட பயிற்சிக் காலமே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. ஊர்ப் பேச்சுக்கு வருந்தும் நேரத்தை அடவுகள் எனப்படும் அடிப்படை ஆடல் அசைவுகள் எடுத்துக்கொண்டிருக்கும் அல்லவா?

வீட்டார் இணங்கட்டும் என்று காத்திராமல், வாரம் இரண்டு மாலைகள் வகுப்புக்குச் செல்லத் தொடங்குங்கள். 29 வயதில் அரைமண்டி, அதாவது முழங்கால்களை மடக்கிப் பாதி அமர்ந்த நிலை, எளிதில் அமையாது, முழங்கால் வலிக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.