கிழவி கொடுத்த பால்

கே: அயர்லாந்து, பிரிட்டன் பக்கத்துப் பழைய செல்டிக் புராணத்தை வைத்து எழுதும் சரித்திர மாயப் புனைவுகளில் தேவி கன்னி, தாய், கிழவி என்று மூன்று உருவில் வருகிறாளே, இது அவ்வளவு பழைய நம்பிக்கையா?

ப: கிழவி என்றீர்களே, முதலில் அவளைப் பேசிவிடுகிறேன். அயர்லாந்துப் பழங்கதையில் மோரிகன் என்ற போர்த்தெய்வம் கூ ஹுலின் என்ற வீரனோடு மோதுகிறாள். விலாங்காக வந்து விலா நொறுங்கினாள். ஓநாயாக வந்து கண் போனது. கிடாரியாக வந்து கால் ஒடிந்தது. அப்புறம் ஒரு கிழவியாக உட்கார்ந்து, மூன்று காம்பு உள்ள மாட்டைக் கறந்துகொண்டிருக்கிறாள். சண்டையில் களைத்தவனுக்குத் தாகம். பால் கேட்கிறான். ஒவ்வொரு காம்பின் பாலையும் குடித்துவிட்டு வாழ்த்துகிறான். ஒவ்வொரு வாழ்த்துக்கும் ஒரு காயம் ஆறுகிறது. அடித்தவன் வாயாலேயே குணமாகிவிட்டாள்! நாவல்களில் வரும் கிழவியோ மூடுபனியில் கோலூன்றி ஆருடம் சொல்வதோடு சரி. மாடு கறக்கத் தெரியாத கிழவி எனக்கு வேண்டாம்.

சரி, உங்கள் கேள்வி. தெய்வத்தை மூன்றாக வைப்பது பழைய வழக்கம்தான். இங்கிலாந்தின் சைரன்செஸ்டரில் கிடைத்த ரோமானியர் காலத்துச் சிற்பத்தில் மூன்று அன்னையர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்திகூடக் கிழவி இல்லை. அயர்லாந்தின் பிரிகித் ஒரே பெயர் கொண்ட மூன்று சகோதரிகள். ஒருத்தி கவிதைக்கு, ஒருத்தி மருத்துவத்துக்கு, ஒருத்தி கொல்லுலைக்கு. வயதைப் பற்றிப் பேச்சே இல்லை. கன்னி, தாய், கிழவி என்ற அடுக்கைப் பரப்பியவர் ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ், 1948இல். கவிஞரின் கற்பனை என்று சொல்லி எடுத்தாளட்டும், தாராளமாக. முன்னுரையில் ‘ஆயிரமாண்டு மரபு’ என்று எழுதும்போதுதான் கோபம் வருகிறது. இதே பக்கத்தில் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன், இன்னும் போடுவேன்.

சரித்திரம் வேண்டுமென்றால் இங்கிலாந்தின் பாத் நகரத்து வெந்நீர் ஊற்றுக்குப் போகட்டும். ரோமானியர் காலத்தில் அந்த ஊற்றின் தெய்வமான சூலிஸ் தேவிக்கு ஈயத் தகட்டில் எழுதி, சுருட்டி, ஊற்றில் போட்ட முறையீடுகள் அங்கே சுமார் 130 கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் திருட்டுப் புகார்தான். டொசிமெடிஸ் என்பவனின் இரண்டு கையுறைகளை யாரோ எடுத்துவிட்டார்கள். எடுத்தவனுக்குப் புத்தியும் கண்ணும் போகட்டும், அதுவும் அம்மன் கோயிலிலேயே போகட்டும் என்று கேட்கிறான். ஒரு ஜோடி கையுறைக்கு இரண்டு கண்! வேறு யாரிடம் போய் முறையிடுவான்? அவனையும் அவன் தேவியையும் வைத்து யாராவது நாவல் எழுதினால், ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் படிப்பேன்.