வீட்ல இருந்தே ஐவி ஆன்டிபயாட்டிக்: கேளுங்க, சொல்றேன்

ஓபாட் டீம்ல நர்ஸா இருக்கேன், அதாவது அட்மிட் ஆகாமலே நரம்பு வழியா ஆன்டிபயாட்டிக் போடற ஏற்பாடு.

கேள்வி: எங்க வார்டுல யாருக்குமே இது தெரியல சிஸ்டர், புதுசா வந்ததா?

புதுசே இல்லங்க, 1974லயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்ங்கற, நுரையீரல்ல சளி கெட்டியாகற பரம்பரை நோய் இருந்த குழந்தைங்களுக்கு செஞ்சு எழுதிட்டாங்க. ஒரு அண்ணன், கால் எலும்புல இன்ஃபெக்ஷன், காய்ச்சல் விட்டாச்சு, காரிடார்ல நடக்கறாரு, தினமும் அரை மணி நேர செஃப்ட்ரியாக்ஸோனுக்காக மட்டும் 12 நாள் பெட்ல கெடந்தாரு. எங்களுக்கு ஒரு ஃபோன் பண்ணலாம்னு வார்டுல யாருக்கும் தெரியல, அவர் பொண்ணு கேட்டப்புறம்தான் கூப்பிட்டாங்க. எனக்கு மனசே ஆறல. ரவுண்ட்ஸ்ல தினமும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க, இவர் இங்க இருக்கறது இந்த ஊசிக்காக மட்டும்தானா?

கேள்வி: நான் ஜூனியர் டாக்டர். யாரை அனுப்பலாம்?

மொதல்ல மாத்திரை போதுமான்னு பாருங்க டாக்டர். எலும்பு, மூட்டு இன்ஃபெக்ஷன்ல முதல் 6 வாரம் மாத்திரை ஐவிக்குக் குறைஞ்சதில்லன்னு 2019ல ஓவிவா ட்ரையல் காட்டுச்சு. ஐவிதான் வேணும்னா ஆள் ஸ்டெடியா இருக்கணும், வீட்ல ஃபோனும் துணைக்கு ஆளும் வேணும், எர்டாபெனெம் மாதிரி நாளைக்கு ஒரு வேளை மருந்துன்னா சுலபம்.

கேள்வி: வீட்டுக்கு வந்துட்டா ப்ளட் டெஸ்ட் தேவையில்லல்ல?

தேவை. வாரம் ஒரு தடவையாவது ரத்த அணு, கிட்னி பாக்கணும், டாப்டோமைசின்ங்கற ஆன்டிபயாட்டிக்னா தசை பாதிப்பக் காட்டற சிபிகே டெஸ்டும்.

கேள்வி: கேஷுவாலிட்டில இருக்கேன், பிக் லைனோட (கை வழியா நெஞ்சு வரைக்கும் போற மெல்லிய ட்யூப்) காய்ச்சல்னு ஒருத்தர் வந்தாரு, உடனே லைன உருவிட்டோம். சரியா?

அவசரப்பட்டுட்டீங்க தம்பி. ஆள் பிபி விழுந்து ஷாக்ல இல்லன்னா மொதல்ல கிருமி இருக்கான்னு பாக்க லைன்லேர்ந்து ஒரு ப்ளட் கல்ச்சர், இன்னொரு கைலேர்ந்து ஒண்ணு, அப்புறம் ஓபாட் டீமுக்கு ஃபோன், எடுக்கறதா வேணாமான்னு பேசி முடிவு பண்ணலாம். அந்தக் கைல பிபி கஃப் கட்டாதீங்க, ஃப்ளஷ்க்கு, அதாவது லைன சலைன் விட்டு கழுவறதுக்கு, 10 எம்எல் சிரிஞ்சுதான், சின்னதுல அழுத்தம் ஜாஸ்தி, லைன் வெடிச்சிரலாம். லைனோட மூடியை ஸ்வாப் வச்சு 15 செகண்ட் நல்லா தேய்ச்சு காய விடுங்க, அந்தக் காயற நேரத்தத்தான் எல்லாரும் முழுங்கிடறாங்க.

கேள்வி: அப்பாவுக்கு லைன் இருக்கு, எதுக்குப் பயப்படணும்?

ஃப்ளஷ் பண்ணதும் குளிர் நடுக்கம், கை வீக்கம், நிக்காத வயித்துப்போக்கு. இதுல ஒண்ணு வந்தாலும் ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் கூப்பிடும்மா, டிஸ்சார்ஜ் பேப்பர்ல நம்பர் இல்லன்னா எழுதி வாங்காம வீட்டுக்குக் கெளம்பாதீங்க.