கடைசி பஸ் கோச்சிக்காகக் காத்திருக்குமா?

தெஹியோவிட்டவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வேலை மருதானையில். மாலையில் களனிவெளி கோச்சியில், அதாவது ரயிலில், அவிசாவளை வந்து, அங்கே எட்டியாந்தோட்டைப் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடித்து வீடு சேர வேண்டும். கோச்சி பிந்தும் நாட்களில் கடைசி பஸ் போய்விடுகிறது. நாலைந்து பேர் காசு சேர்த்து ஆட்டோ பிடிக்கிறார்கள். "மனு கொண்டுபோன கந்தோரில், இது எங்கள் வேலை இல்லை என்றார்கள். யாரிடம்தான் கேட்பது?" என்கிறார்.

சகோதரி, அவர்கள் சொன்னது பொய்யில்லை. அவிசாவளை கொழும்பு மாவட்டம், மேல் மாகாணம். தெஹியோவிட்ட கேகாலை மாவட்டம், சப்ரகமுவ மாகாணம். உங்கள் பஸ் ஓடுவது சில கிலோமீற்றர்தான். ஆனாலும் சட்டத்துக்கு அதுவும் யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸும் ஒன்றுதான், இரண்டும் மாகாணம் தாண்டுகின்றன. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு பெர்மிட் கொடுப்பது அந்தந்த மாகாண அதிகார சபை. எல்லை தாண்டினால், 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. சிவப்பு பஸ் என்றால் இ.போ.ச., அதாவது இலங்கைப் போக்குவரத்துச் சபையின் டிப்போ. கோச்சி என்றால் புகையிரதத் திணைக்களம். ஆளாளுக்குத் தங்கள் நேர அட்டவணையைப் போட்டுவிடுகிறார்கள். நீங்கள் கோச்சியை விட்டு இறங்கி பஸ்ஸில் ஏறும் அந்தப் பத்து நிமிடம் மட்டும் யாருடைய அட்டவணையிலும் இல்லை.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஒரு காலத்தில் எட்டியாந்தோட்டை வரை தண்டவாளமே போட்டிருந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கழற்றிவிட்டார்கள். சரி, அது போகட்டும்.

முதலில், புதிய பஸ் கேட்காதீர்கள். புதிய பெர்மிட் என்றால் டெண்டர், இருக்கிற முதலாளிமாரின் எதிர்ப்பு என்று வருடக்கணக்கில் இழுபடும். ஓடுகிற கடைசி பஸ்ஸின் நேரத்தைத் தள்ளிவைக்கும்படி மட்டும் கேளுங்கள்.

ஏன் கடைசி பஸ் என்று சொல்கிறேன்? பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பரின் மேசைக்குப் பக்கத்தில் அரை மணித்தியாலம் நின்று பாருங்கள், விளங்கும். தனியார் பஸ்ஸில் சாரதியும் கொண்டக்டரும் அன்றைய வசூலை நம்பித்தான் ஓடுகிறார்கள். ஒரு பஸ் ஐந்து நிமிடம் கூட நின்றால் அது பின்னால் நிற்கிற பஸ்ஸின் டேர்னைத் தின்கிறது. உடனே பின்னால் ஹோர்ன், அப்புறம் ஏச்சு, அப்புறம் டைம் கீப்பரோடு சண்டை. அதனால் பகலில் எந்த பஸ்ஸும் கோச்சிக்காக நிற்காது, நிற்கச் சொல்வதும் நியாயமில்லை. கடைசி பஸ்ஸுக்குப் பின்னால் ஹோர்ன் அடிக்க ஆளில்லை. அது கால் மணித்தியாலம் நின்றால் யாருக்கும் நட்டமில்லை, ஏறுவதற்கு ஆள் இருந்தால் அதற்கு இலாபமும்கூட. இதைத்தான் அவர்களுக்குக் காட்ட வேண்டும்.

அதற்கு ஒரு சீ.ஆர். கொப்பி போதும். மூன்று வாரம், வேலை நாட்களில், கோச்சி உண்மையில் வந்து நின்ற நேரம், ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து சேர்ந்த நேரம், கடைசி பஸ் புறப்பட்ட நேரம், அந்தப் பக்கம் போகக் காத்திருந்தவர்களின் தொகை, இந்த நான்கையும் எழுதி வையுங்கள். அட்டவணையில் அச்சடித்த நேரத்தை நம்பி வாதாடாதீர்கள். களனிவெளிப் பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிரே வரும் கோச்சிக்கு வழிவிட்டு ஸ்டேஷனில் நிற்க வேண்டும். ஒன்று பிந்தினால் மற்றதும் பிந்தும். கோச்சியைத் திருத்துவது உங்களால் ஆகிற காரியமில்லை, பஸ்ஸை அது உண்மையில் வரும் நேரத்துக்குப் பொருத்தக் கேட்பது ஆகும்.

அந்த பஸ்ஸுக்கு அங்கீகரிக்கப்பட்ட நேரம் எது என்று தெரியாமல் மனு எழுதாதீர்கள். சில வேளை அந்த பஸ் தனக்குரிய நேரத்துக்கு முன்னமே கிளம்பிக்கொண்டிருக்கலாம். அப்படியென்றால் இது கோரிக்கையே இல்லை, முறைப்பாடு. ஆணைக்குழுவின் 1955க்கு அழைத்து பஸ் இலக்கத்தோடு சொல்லலாம். நேர அட்டவணையின் பிரதியை ஆணைக்குழுவிடம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை. ஆனாலும் ஒரு சிங்களப் பிரதியை இணைத்துவிட்டால் மொழிபெயர்ப்புக்காக மேசையில் கிடக்காது. இது அனுபவத்தில் சொல்கிறேன்.

கடிதத்தைத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவுக்கு எழுதி, டிப்போவுக்கும் புகையிரதத் திணைக்களத்துக்கும் சீதாவாக்கை, தெஹியோவிட்ட பிரதேச செயலகங்கள் இரண்டுக்கும் பிரதி அனுப்புங்கள். யார் யாருக்குப் பிரதி போகிறது என்று கடிதத்தின் அடியில் எழுதவும் மறக்காதீர்கள். அடுத்தவன் மேசையிலும் இது கிடக்கிறது என்று தெரிந்தால்தான் இந்த மேசையில் அசையும். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கொப்பியின் கணக்கு, ஒரே ஒரு கோரிக்கை, கையெழுத்துகள், அவ்வளவுதான்.

பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. அந்தக் கோச்சியில் தினமும் வருகிறவர்கள் ஒரு வட்ஸ்அப் குழு தொடங்குங்கள். ஒருநாள் ஸ்டாண்டுக்கு நேரத்தோடு போய் டைம் கீப்பரிடமும் கடைசி பஸ் கொண்டக்டரிடமும் பேசி நம்பர் வாங்கி வையுங்கள். கோச்சி அவிசாவளைக்கு முன்னால் வரும் புவக்பிட்டிய தாண்டும்போது யாராவது ஒருவர் கோல் போட்டு, "வாறோம் அண்ணே, இன்றைக்குப் பதினாலு பேர்" என்று சொல்லுங்கள். பதினாலு என்றால் பதினாலு பேர் ஏற வேண்டும்.